நேரலைச் சக்கரத்தில் 'முறை' என்று ஒன்று இருக்கிறதா?

உப்பனாறு:
வீட்டில் ஒரு சண்டை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். மச்சான் புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இருக்கிறான். கிரேஸி டைம், ட்ரீம் கேட்சர், ரூலெட் என்று போனில் வரும் நேரலைச் சக்கரம் எல்லாவற்றையும் பணம் வைத்து ஆடுகிறான். கேட்டால், "இது கம்ப்யூட்டர் போடும் நம்பர் இல்லை, நிஜச் சக்கரம், கண்ணெதிரே ஒரு ஆள் சுற்றுகிறார், கடைசியாக என்னென்ன வந்தது என்று கீழே வரிசையாகக் காட்டுகிறான், அதைப் பார்த்து வைக்கத் தெரிந்தவன் ஜெயிப்பான்" என்கிறான். புத்திமதி யாரும் சொல்ல வேண்டாம், அதை மாமியாரே தினமும் சொல்கிறார். கணக்கு தெரிந்தவர்கள் பேசுங்கள்.

கன்னியக்கோவில்காரன்:
உங்கள் மச்சான் சொல்வது சரி. கிரேஸி டைம் சக்கரத்தில் 54 கட்டம், அதில் 21 கட்டம் 1, 13 கட்டம் 2. பாதிக்குமேல் இந்த இரண்டுதான். 1-இல் 100 வை. வரவில்லையா, 200. அதுவும் இல்லையா, 400. எப்போது விழுகிறதோ அப்போது போட்டதெல்லாம் திரும்பி வந்து மேலே 100 நிற்கும். பெரிய பரிசு தரும் 'கிரேஸி டைம்' போனஸ் கட்டம் ரொம்ப நேரமாக வரவில்லை என்றால் அதற்கு ஒரு சின்னத் தொகையைப் போட்டுக் காத்திருக்க வேண்டும், சக்கரம் கடன் வைக்காது. பொறுமை இல்லாதவன்தான் தோற்கிறான். ஆடாதவர்கள் வந்து கணக்கு சொல்வதுதான் எரிச்சல்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
ஆடாதவன்தான் வந்திருக்கிறேன் தம்பி, கோபிக்க வேண்டாம். 'ரொம்ப நேரமாக வரவில்லை' என்பது உங்களுக்குத் தெரியும், மரச் சக்கரத்துக்குத் தெரியுமா? அந்தப் பெரிய போனஸுக்கு 54-இல் ஒரே ஒரு கட்டம். 54 தடவை சுற்றினால் ஒருமுறையாவது வந்துவிடும் என்றுதானே நினைக்கிறோம்? வராமலே போவதற்கு 100-க்கு 36 வாய்ப்பு. 100 தடவை சுற்றினாலும் வராமலிருக்க ஏறக்குறைய 15. அதற்குப் பிறகு வரும் சுற்றிலும் அதே 54-இல் ஒன்றுதான், ஒரு இம்மி கூடாது. 1913-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டிக் கூட்டி வைத்தவர்கள் காலியாகத்தான் வெளியே போனார்கள்.

ரூலெட்டில் கடைக்காரர் கூலி, அதாவது ஆட்டம் நடத்துகிறவன் எடுக்கும் பங்கு, எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 கட்டம். ஒரே எண்ணில் 100 வைத்து விழுந்தால் லாபம் 3,500. நியாயம் 3,600. குறைகிற அந்த 100-தான் கூலி, 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு கட்டத்தைச் சொருகியிருக்கிறார்கள், கூலி 5.26 ஆகிவிட்டது. கிரேஸி டைமில் 1-க்கே நூற்றுக்கு நான்கு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது, மற்ற கட்டங்களில் இன்னும் அதிகம். எந்த வரிசையில் வைத்தாலும் இந்தக் கூலி குறையாது.

கன்னியக்கோவில்காரன்:
நான்கு ரூபாய் ஒரு பெரிய விஷயமா சார்? தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்தன்று லங்கர் கட்டைச் சூதாட்டம் போடுவார்களே, ஆறு படம் மூன்று கட்டை, அவன் எடுப்பது எவ்வளவு?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
நல்ல கேள்வி. மூன்று கட்டையும் யோக்கியமாக உருண்டால் கிட்டத்தட்ட எட்டு சதவீதம், இதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் அவன் வருடத்துக்கு ஒரு நாள் சாக்கு விரிப்பான், போலீஸ் தலை தெரிந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுவான், நம் சட்டைப் பையில் இருப்பதும் அவ்வளவுதான். போனில் மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், 4,000 ரூபாய் அந்தக் கூலி வழியாகக் கடக்கிறது, கணக்குப்படி 160 போய்விடும். தினம் மூன்று மணி நேரம் ஆடுகிறவனுக்கு மாதம் 14,400. இது இரட்டிப்பு செய்யாமல், ஆசைப்படாமல், சாமியார் மாதிரி ஆடினால்.

சொல்தா பேரன்:
நடுவில் ஒன்று. ரூலெட் என்றால் பிரெஞ்சில் சின்னச் சக்கரம், அவ்வளவுதான் அர்த்தம். எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அவர் சொல்லித்தான் தெரியும். முறையே கிடையாது என்று வாத்தியார் ஒரேயடியாக அடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஜாகர் என்ற ஆங்கிலேயர் மான்டி கார்லோவுக்கு ஆட்களை அனுப்பி, எந்த எண் எத்தனை முறை விழுகிறது என்று நாள்கணக்கில் எழுத வைத்து, கோணலான ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்து அள்ளினார். நிஜச் சக்கரம் என்றால் தேய்மானம் உண்டு.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அது உண்மை, நானே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் 'வராதது வரும்' என்று வைக்கவில்லை, 'அடிக்கடி வருவது இன்னும் வரும்' என்று வைத்தார். மச்சான் செய்வது நேர் எதிர். தவிர, இன்றைக்கு ஒவ்வொரு சுற்றையும் எழுதி வைத்திருப்பது கம்பெனிதான். கோணல் தெரிந்தால் முதலில் தெரிவது அவர்களுக்கு.

முள்ளோடை:
கணக்கு இருக்கட்டும், நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஆப்பில் ஆடினேன், பெயர் வேண்டாம். பணம் போடும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயரில் யுபிஐ வரும். ஒருமுறை 18,000 ஜெயித்து எடுத்தேன், யாரோ முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து வந்தது. பத்து நாள் கழித்து என் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. அது ஏமாற்றிப் பறித்த பணமாம், வேறு மாநிலத்தில் சைபர் புகார். சம்பளமும் அதே கணக்கில். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையலை வைத்தேன். 18,000-ம் ஜெயித்த பணம், ஞாபகம் இருக்கட்டும்.

கன்னியக்கோவில்காரன்:
உங்களுக்குக் கிடைத்தது திருட்டு ஆப், அதற்குச் சக்கரம் என்ன செய்யும் அண்ணே? இங்கே புதுச்சேரியில் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாலம் தாண்டினால் வேறு கதை.

முள்ளோடை:
சாராயத்துக்குத்தான் அந்தக் கதை தம்பி. தமிழ்நாட்டின் 2022 இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் புதுச்சேரிக்கு வராது, சரி. அதில் ஆடுகிறவனுக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 வரை அபராதம் உண்டு. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியதே, அது கடலூர், பாகூர், மாஹே எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பணம் வைத்து ஆடும் எந்த இணைய விளையாட்டும் நடத்தக் கூடாது, திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே இல்லை. நடத்துகிறவனுக்கு மூன்று வருடம் வரை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்கு அதில் தண்டனை இல்லை என்பது உண்மை. அப்படியென்றால் இன்று உங்களிடம் நேரலைச் சக்கரத்தைக் காட்டுகிறவன் யார்? ஒளிந்து நடத்துகிறவன்தானே, திருட்டு ஆப், நல்ல ஆப் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
தம்பி கன்னியக்கோவில், ஒரு பந்தயம், காசில்லாமல். இன்று ராத்திரி 100 சுற்று வேடிக்கை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் உங்கள் முறைப்படி என்ன வைப்பீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள், அப்புறம் விழுந்ததை எழுதுங்கள். முன்னால் எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

கன்னியக்கோவில்காரன்:
செய்தேன். 61-ஆவது சுற்று வரை லாபம், வாத்தியார் கவனிக்கவும். அதன்பிறகு 1 தொடர்ந்து ஒன்பது முறை வரவில்லை. அதுவரை போனது 51,100, அடுத்ததற்கு 51,200 வைக்க வேண்டும். அங்கே நிறுத்திவிட்டேன். ஆனால் 2-ஐயும் 5-ஐயும் சேர்த்து வைத்திருந்தால் இது நடந்திருக்காது, நாளைக்கு அதை எழுதிப் பார்க்கிறேன்.

உப்பனாறு:
நோட்டிலேயே எழுதுங்கள் அண்ணே. மச்சானுக்கும் 100 பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன்.