மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வேளிமலை அடிவாரம்:
அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே என் அண்ணி ஒரு சிறு மருத்துவமனை நடத்துகிறார். வரவேற்பு மேசையில் பல ஆண்டுகளாக இருந்த அக்கா ஓய்வு பெற்றுவிட்டதால், புதியவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் கணினிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு, நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று சொன்ன என் தாயாரை வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மேசையில் இருந்தவர் தலை நிமிராமலேயே பழைய ஃபைல் எண்ணைக் கேட்டார். நினைவில்லை என்றதும் வரிசையில் நிற்கச் சொன்னார். 40 நிமிடம் கழித்து அவ்வழியே போன துப்புரவுப் பணியாளர் ஒருவர்தான் அம்மாவின் நெற்றியில் வியர்வை வழிவதைக் கண்டு, சக்கர நாற்காலியில் அமர்த்தி அவசரப் பிரிவுக்குத் தள்ளிச் சென்றார். அம்மா பிழைத்துக்கொண்டார். எங்கள் மேசையில் அப்படி ஒரு 40 நிமிடம் யாருக்கும் நேரக் கூடாது. அதற்கு அந்தப் பணியாளருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஓய்வு பெற்ற செவிலியர், நாகர்கோவில்:
தம்பி, நெஞ்சுவலியோடு வருபவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நெறி. பக்கவாதம் என்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பகுதியிலிருந்து புறப்படும் நோயாளி அந்த நேரத்தில் கணிசமான பகுதியை வழியிலேயே இழந்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்து சேருகிறார். மேசையில் இருப்பவர் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, துவண்டு கிடக்கும் குழந்தை, பாம்புக்கடி ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டாலும், பெயரைக்கூட எழுதாமல் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் தளர்ச்சியுமாக வரக்கூடும் என்பதால், சொல்வதைக் கேட்பதோடு முகத்தையும் பார்க்கும் பழக்கம் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவருக்கு முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் தனியே உட்கார வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

குலசேகரத்துக்காரன்:
அண்ணா, என் அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே மரத்துக்குப் போகிறவர், பாலெடுத்து முடித்துக் குளித்துப் புறப்படும்போது 11 மணியாகிவிடும். 10 மணிக்கே டோக்கன் முடிந்துவிட்டது என்ற பதிலைப் பலமுறை கேட்டுத் திரும்பியவர், பிறகு மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். அவருடைய காலில் இருந்த புண் ஆறாமல் பெரிதானது அதனால்தான். இந்த ஊர் மக்களின் வேலை நேரம் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்திருந்தால் அவர் திரும்பியிருக்க மாட்டார். இன்னொன்று, எங்கள் பக்கத்து முதியவர்கள் சிலருக்கு நோயைப் பற்றிச் சொல்ல மலையாளம்தான் எளிதாக வருகிறது.

முன்பதிவுப் பணியாளர், மார்த்தாண்டம்:
நான் 9 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். கணினியை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எனக்கு அச்சம் தருவது பெயர்க் குழப்பம்தான். மேரி என்று அழைத்தால் மூன்று பேர் எழுந்து வருகிறார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் உள்ள பெயர் வேறு. பிறந்த தேதியையோ கணவர், தந்தை பெயரையோ சேர்த்துக் கேட்காமல் நான் எந்த ஃபைலையும் உள்ளே அனுப்புவதில்லை. அதையும் தாழ்ந்த குரலில்தான் கேட்க வேண்டும். எந்த நோய்க்கு வந்தார் என்பது அடுத்த நாற்காலிக்குக் கேட்டுவிட்டால், ஊர் முழுவதும் அறிய அதிக நேரம் ஆகாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் முதல் நாளே பேசிவிட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கிறது. ஆனால் திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே கிடைக்கும். உங்கள் மருத்துவமனையில் அது இல்லை என்றால், இல்லை என்றும், எங்கே போகலாம் என்றும் தெளிவாகச் சொல்லிவிடுவதே உதவி. பில் போடும் நேரத்தில் காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டும், நோயாளிக்குத் துணையாக வந்தவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உங்கள் அண்ணியிடம் ஒன்று சொல்லுங்கள். வரிசையை மீறி ஒருவரை உள்ளே அனுப்பி, அது வெறும் வாயுத் தொல்லை என்று தெரிய வந்தாலும், அதற்காக அந்தப் பணியாளரை எல்லோர் முன்னிலும் கடிந்துகொள்ளக் கூடாது. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை ஃபைல் எண்ணைத்தான் கேட்பார்.

வேளிமலை அடிவாரம்:
உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாகச் சொன்னதை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அப்படிக் கடிந்துகொள்ள மாட்டேன் என்று உறுதியளித்தார். 11 மணிக்கு மேல் வருபவர்களுக்கென 10 டோக்கன்களை ஒதுக்கி வைக்கவும் ஒப்புக்கொண்டார். செவிலியர் அம்மா எழுதிய அறிகுறிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிறோம். ஓய்வு பெற்ற அக்காவும், புதியவரின் அருகில் ஒரு மாதம் அமர்ந்து பழக்கித் தரச் சம்மதித்துவிட்டார்.