இத்தாலிய மொழியில் மரியாதையாகக் கேட்பது: பராமரிப்பு வேலை செய்யிற ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிறம். அம்மா அடுத்த மாதம் வயதான ஒரு சிசிலிப் பாட்டியைப் பராமரிக்கிற வேலைக்குப் போறா. அந்த வீட்டில் பேச வேண்டிய வசனங்களை ஒரு கொப்பியில் எழுதிக் குடுக்கிறன்.

கடை, கந்தோர் பகுதி முடிஞ்சுது. "வோல்யோ" (எனக்கு வேணும்) என்று கேட்டால் அதட்டுற மாதிரி. "வொர்ரேய் உன் கிலோ தி பொமொதோரி, பெர் ஃபவோரே" (ஒரு கிலோ தக்காளி வாங்க விரும்புறன், தயவுசெய்து) என்றால் தக்காளிக்காரர் முகமே மலரும். கோப்பிக் கடையில் "உன் கஃபே, பெர் ஃபவோரே" காணும். கந்தோரில் "மி ஸ்கூசி, பொத்ரெப்பே அயுத்தார்மி?" (மன்னிக்கவும், எனக்கு உதவ முடியுமோ?) என்று தொடங்கினால் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இடிக்கிறது வீட்டுக்குள்ளதான். பாட்டி அம்மாவை "தூ" என்று ஒருமையில்தான் கூப்பிடுவா போல. அம்மா "லேய்" என்று மரியாதையாகவே பேசட்டும் என்பது என்ர எண்ணம். ஆனால் மருந்து குடுக்கேக்க "பிரெந்தா லா மெதிச்சீனா, பெர் ஃபவோரே" (மருந்தை எடுங்கோ, தயவுசெய்து) என்றால் கட்டளை மாதிரிக் கேட்குமோ? "வுவோலே பிரெந்தெரே லா மெதிச்சீனா?" (மருந்து எடுக்க விருப்பமோ?) என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்யிறது? நீங்கள் எப்படிச் சொல்லுறனீங்கள்?

மற்றது, இங்கத்தைய பழைய ஆக்கள் பெரியவர்களை "வொஸ்ஸீயா" என்பினம். அம்மா அப்படிக் கூப்பிட்டால் பாட்டிக்குச் சந்தோசமாக இருக்குமோ, நடிப்பாகப் படுமோ?

முடிஞ்சால் குரல் பதிவாகவும் போடுங்கோ. அம்மா காதால கேட்டுத்தான் கெதியாகப் பிடிப்பா.