அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எத்தனை கிலோ சுமப்பது?

வைகைக்கரையான்:
சித்திரைத் திருவிழா நெருங்குவதால் சொல்லியே விடுகிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் முதுகுப்பையோடு வரும் படக்காரர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். திரும்பும்போதெல்லாம் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கிறார்கள். பைக்குள் மூன்று லென்ஸ், ஃபிளாஷ், சிலரிடம் லேப்டாப்கூட. அந்த நெரிசலில் எதை வெளியே எடுக்க முடியும்? கேனான் ஆர்6 கேமரா, அகலமாகக் காட்டும் 35 எம்எம் எஃப்1.8 லென்ஸ் ஒன்று போதும். இரண்டும் சேர்ந்து 985 கிராம். ஆர்6 போல உள்ளே கண்ணாடி இல்லாத, இலேசான மிரர்லெஸ் கேமரா வந்த பிறகும் மூட்டை சுமப்பது பழக்கதோஷம்.

நீளக்குழல்:
35-ஐ வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது செல்போன் தூக்கிய கைகள்தான், அண்ணா. குதிரை வாகனத்தில் வரும் அழகரின் முகம் வேண்டுமென்றால், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் 70-200 எம்எம் ஜூம் லென்ஸ் இல்லாமல் ஆகாது.

மிரர்லெஸ் இலேசு என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்துப் பார்ப்போம். கேனானின் பழைய கண்ணாடி வைத்த கேமரா 5டி மார்க் 4, பாட்டரி, கார்டோடு 890 கிராம்; ஆர்6 680. மிச்சம் 210. இனி 24-70 எஃப்2.8 லென்ஸை மாட்டுங்கள். 5டிக்கான பழைய இஎஃப் வகையில் இரண்டாம் பதிப்பு 805, ஆர்6-க்கான புதிய ஆர்எஃப் வகை 900. மிச்சம் 115 ஆகிவிட்டது. வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 5டிக்கு ஒரு பாட்டரியில் 900 படம், ஆர்6-க்கு மின்சேமிப்பில் வைத்தாலும் 380 என்பது கம்பெனி தரும் கணக்கு. கூடுதலாக இரண்டு பாட்டரியைப் பையில் போட்டால் அந்த மிச்சமும் போயிற்று.

வைகைக்கரையான்:
24-70-ஐ மட்டும் பொறுக்கியெடுத்தால் எப்படி, தம்பி? நீங்கள் கேட்ட 70-200-க்கே வாருங்கள். இஎஃப் மூன்றாம் பதிப்பு 1,480 கிராம், ஆர்எஃப் 1,070. கேமராவோடு சேர்த்தால் 620 கிராம் குறைகிறது.

நீளக்குழல்:
அதை வாங்கக் காசு? எங்களில் பலர் பழைய இஎஃப் லென்ஸையே அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டு ஆர்6-ல் மாட்டுகிறோம். அது ஒரு 110 கிராம். கடைசியில் குறைவது வெறும் 100.

தவிர, நீங்கள் சொல்லும் ஆர்எஃப் 70-200-ல் ஜூம் செய்யச் செய்யக் குழல் முன்னே நீளும். பழையதில் எல்லாம் உள்ளுக்குள்ளேயே நகரும். கருப்பசாமி வேடமிட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் எதை நம்புவது? இரண்டிலும் ஈரத்தடுப்பு உண்டு, தெரியும். ஆனாலும் நனைந்த குழலை அப்படியே உள்ளே இழுக்க எனக்குக் கை வராது.

தல்லாகுளம்:
இருவரும் கிராமைப் பிடித்துக்கொண்டு பையை விட்டுவிட்டீர்கள். முதுகுப்பையை நெஞ்சுப் பக்கம் மாட்டினால் யாரையும் இடிக்காது, ஜிப்பும் கண்ணெதிரே இருக்கும். கேமரா கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் போட்ட பை மட்டும் வேண்டாம். வீடு திரும்பியதும் லென்ஸை ஈரப்பையில் விட்டு மூடாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சுத் தடுப்புகள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சை படர அதுவே போதும். தடுப்புகளைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, லென்ஸைத் துடைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

வைகைக்கரையான்:
நெஞ்சில் பை இருந்தால் கேமராவை எங்கே தொங்கவிடுவது? சரி, அது போகட்டும். செல்போன் தூக்கிய கைகள் என்றீர்களே, தம்பி, அவையும் திருவிழாதான். அழகர் முகம் ஆண்டுதோறும் எல்லா நாளிதழிலும் வருகிறது. பீய்ச்சிய தண்ணீர் முகத்தில் வழிய, கண்ணை மூடிக்கொண்டு "கோவிந்தா" என்று கத்துபவரை எடுக்க இரண்டடி தூரத்தில் நிற்க வேண்டும். அதற்கு 70-200 எதற்கு?

நீளக்குழல்:
நீங்கள் உங்களுக்காக எடுக்கிறீர்கள், அப்படிப் பேசலாம். நான் எடுப்பது அந்த நாளிதழுக்கு. இந்த ஆண்டு அழகர் உடுத்தி வருவது பச்சைப் பட்டா, வேறு நிறமா என்று ஊரே காத்திருக்கிறது. ஆசிரியர் முதலில் கேட்பதும் அந்தப் படத்தைத்தான். 70-200-ஐ வீட்டில் வைத்துவிட்டு வந்து அவரிடம் நான் எதை நீட்டுவது?