எந்தக் கபிலர்? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். ஒன்பதாவது படிக்கும் மகள், பள்ளி இலக்கிய மன்றத்தில் சங்கப் புலவர் கபிலரைப் பற்றிப் பேசப் போகிறாள். பாரியின் நண்பர், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியவர் என்று தொடங்கி, அப்படியே பிள்ளையாரையும் பாடியவர் என்று எழுதி வைத்திருக்கிறாள்! பிள்ளையாரைப் பாடியவர் சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையில் வரும் கபிலதேவ நாயனார். பல நூற்றாண்டு பிந்தியவர். போதாததற்கு இன்னா நாற்பது என்ற நீதிநூலும், சாதியைச் சாடும் அகவலும் கபிலர் பெயரில்தான்.

காலம் வேறு என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். "பாட்டிலேயே காட்டுங்கப்பா" என்று பிடிவாதம். சங்கக் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடிய பாடல்களைப் புறநானூற்றிலிருந்து எடுத்துவிட்டேன். அவற்றோடு வைத்துப் பார்த்தால் நடை வேறுபாடு சட்டென்று தெரியும்படி, நாயனார் பாடலில் இரண்டு வரி யாராவது எடுத்துத் தர முடியுமா? எளிய உரையோடு இருந்தால் நல்லது. வியாழக்கிழமை பேச்சு.