பதில்: பட்டாணி மசியலா, பட்டாணிக் குழையலா?

எல்லாருக்கும் வணக்கம்.

குன்னூர் அக்கா கேட்டது சின்னக் கேள்விதான். தங்கள் விடுதியின் தமிழ் மெனு கார்டில் இரண்டு தொடுகறிகளுக்குப் பேர் வேண்டும். ஒன்று, உரித்த பச்சைப் பட்டாணியை வேகவைத்து வெண்ணெயும் புதினாவும் போட்டு மசித்தது. இன்னொன்று, இங்கிலாந்துக்காரர்கள் மீன் வறுவலோடு தொட்டுக்கொள்ளும் ‘மஷி பீஸ்’. இரண்டையும் இப்போது ‘பட்டாணி மேஷ்’ என்றே எழுதி வைத்திருப்பதால் கேட்டது ஒன்று, வருவது ஒன்று என்று ஆகிறதாம். இதற்கு நம் சமையல் சொல் குழுவில் வந்து குவிந்த சொற்களைப் பார்த்தால் யாரும் அடுப்படிப் பக்கம் போய்விட்டு வந்து எழுதிய மாதிரி தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

> பச்சைப்பயற்றுக் கூழ்மம் என்று வைக்கலாமே?

ஐயா, வேண்டாம். பச்சைப்பயறு என்றால் கடைக்காரர் பாசிப்பயற்றைத்தான் நிறுத்துத் தருவார். கூழ்மம் வேதியியல் பாடநூலில் குடியேறி ரொம்ப நாளாகிறது, அதைத் தட்டுக்கு இழுத்துவந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

> பட்டாணித் துவையல்?

துவையல் அரைப்பது. அம்மியோ மிக்ஸியோ, கூடவே மிளகாய், புளி, தேங்காய் என்று ஒரு கூட்டமே சேரும். இங்கே அரைக்கக் கூடாது என்பதுதான் சங்கதியே. மிக்ஸியில் போட்டுச் சுற்றினால் வருவது பட்டாணி விழுது, சூப்புக்கு ஆகும், தொட்டுக்கொள்ள ஆகாது.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். ஊட்டி மார்க்கெட்டில் பட்டாணியைக் காயோடு வாங்கினால் ஒரு கிலோவுக்கு உரித்தபின் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே மணி நிற்கும். பறித்த அன்றே சமைத்தால் இனிப்பு இருக்கும், நாள் போகப் போகச் சர்க்கரை மாவாக மாறிவிடும், அதனால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, லாரி ஏறி, சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பட்டாணியில் நம் ஊர்ச் சுவை இருப்பதில்லை. உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மணிகளைக் கொட்டி, மூடாமல் வேகவிட வேண்டும். மூடினால் காயிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும், பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியத்தைத் தள்ளிவிடும், நிறம் மங்கிக் காக்கி ஆகிவிடும். எலுமிச்சை பிழிவதாக இருந்தாலும் பரிமாறும்போதுதான். கீழ்நாட்டில் இளம் பட்டாணிக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, ஆகவே இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். வெந்ததும் வடித்து, வடித்த நீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு, வெண்ணெய், மிளகுத்தூள், நறுக்கிய புதினா சேர்த்து மத்தாலோ கரண்டியின் அடியாலோ குத்தி மசிக்க வேண்டும். பாதி மணி உடைந்து பாதி முழுசாக நிற்பதுதான் பதம். இறுகினால் எடுத்து வைத்த நீரை ஊற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இதற்குப் பேர் பட்டாணி மசியல். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

> மசியல் என்றால் கீரைதான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே. கருணைக்கிழங்கு மசியல், சேனை மசியல் எல்லாம் கீரையா? வறுவல், பொரியல், அவியல், துவையல் என்ற வரிசையில் மசியலும் செய்முறையைச் சொல்கிற சொல், எந்தக் காயும் அதில் உட்காரலாம்.

> எங்கள் கோவைப் பக்கம் கடைசல் என்போம். அதையே வைத்தால் என்ன?

அண்ணா, இது மட்டும்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது, மலையில் பாதிப் பேர் வீட்டில் பேசுவதும் கொங்குத் தமிழ்தானே. ஆனால் கடைவது என்றால் சட்டியில் மத்தை விட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுவது. பருப்பும் கீரையும் நீர்ப்பாங்காக இருப்பதால் மத்து சுழலும், வருவதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொள்ளலாம். பட்டாணியில் அந்த நீர் இல்லை, மத்தைச் சுழற்றப் பார்த்தால் தோல் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கிற பண்டத்தைக் கடைசல் என்று எழுதினால் கோவைக்காரரே முதலில் சண்டைக்கு வருவார்.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன், சிக்கல் அங்கேதான். மஷி பீஸையும் மசியல் என்று போட்டுவிட்டால் போதும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஓசை ஒத்துப்போகிறது, அதை நம்பி இறங்கக் கூடாது. அது பச்சைப் பட்டாணியே இல்லை. மேரோஃபேட் என்ற பெருமணிப் பட்டாணியைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு எடுப்பார்கள். இரவெல்லாம் சமையல் சோடா போட்ட தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கழுவி, சின்னத் தீயில் வேகவைப்பார்கள். சோடாவின் காரம் பட்டாணியின் உயிரணுக்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கரைப்பதால் மணி தானாகவே உடைந்து கெட்டிக் குழம்பாக இறங்கிவிடும். மத்து, கரண்டி எதற்கும் பெரிய வேலை இல்லை. டப்பாவில் வருவதற்குப் பெரும்பாலும் நிறமும் சேர்ப்பார்கள். நாட்டிங்ஹாம் பக்கம் புதினா சாஸ் ஊற்றியும் தின்கிறார்கள்.

ஒன்று ஆள் மசிப்பது, இன்னொன்று அடுப்பில் தானே குழைவது. தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. ‘பருப்பு குழைஞ்சிருச்சா?’ என்று கேட்பது அடுப்பைப் பற்றிய கேள்வி. ‘நல்லா மசிச்சியா?’ என்பது ஆளைப் பற்றிய கேள்வி. ஆகவே காய்ந்த பட்டாணியில் செய்வது பட்டாணிக் குழையல். ஊட்டிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம், திறந்த பாத்திரத்தில் பருப்பை வைத்துவிட்டு அது குழையாதா குழையாதா என்று காத்திருந்தவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். குக்கர் இல்லாவிட்டால் இந்தக் குழையலை மலையில் செய்வது பெரும்பாடு, அக்கா அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

> குழைந்த சோறு என்றால் திட்டுத்தானே விழும்? மெனு கார்டில் திட்டு எதற்கு?

சோறு குழைந்தால் திட்டு. வெண்பொங்கல் குழையாவிட்டால் திட்டு. குழைவதில் குற்றமில்லை, எது குழைகிறது என்பதைப் பொறுத்தது. சந்தனம் குழைப்பதோடு மயங்கும் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். மெனு கார்டில் மீன் வறுவலுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து யாரும் சந்தனம் கேட்கப் போவதில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. உறைபட்டாணி (ஃப்ரோசன் பீஸ்) பற்றிப் பேசும்போது ‘வெளுப்பித்தல்’ என்று ஒரு சொல்லை யாரோ நுழைத்திருக்கிறார்கள். பிளான்ச் என்பதை அகராதியில் பார்த்து அப்படியே எடுத்த மாதிரி இருக்கிறது. பட்டாணியைக் கொதிநீரில் போட்டால் வெளுக்காது. திசுவுக்குள் இருக்கும் காற்று வெளியேறிப் பச்சை இன்னும் பளிச்சென்று எடுக்கும், ஒரு முறை செய்து பார்த்திருந்தால் அந்தச் சொல் வந்தே இருக்காது. கொதிநீரில் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போடுவதுதான் முறை. நொதிகளின் வேலையை நிறுத்தத்தான் இத்தனையும். ‘முக்கியெடுத்தல்’ போதும். உறைபட்டாணி இந்தப் பக்குவம் முடிந்துதான் பாக்கெட்டுக்குள் வருகிறது, அதனால் மசியலுக்கு அதை அதிகம் வேகவைக்க வேண்டாம் என்ற குறிப்பையும் அந்தச் சொல்லோடு சேர்த்துப் போடலாம்.

நசுக்கல் என்ற முன்மொழிவை நான் எடுக்கவில்லை. இஞ்சியும் பூண்டும் நசுக்குவோம், அதைத் தட்டில் தனியாக வைப்பதில்லை.

ஆக, நம் பட்டியலுக்கு என் பரிந்துரை: மசித்தது மசியல், தானே குழைந்தது குழையல், அரைத்தது விழுது, நீர்ப்பாங்காகக் கடைந்தது கடைசல். உருளைக்கிழங்குக்கும் இதே முறை செல்லும்.

அக்கா, கார்டில் ‘புதினாப் பட்டாணி மசியல்’, ‘காய்ந்த பட்டாணிக் குழையல்’ என்று எழுதுங்கள். ‘காய்ந்த’ என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள், ஆர்டர் மாறுவது அங்கேதான் நிற்கும். அப்புறம் கடையில் வாங்கும் காய்ந்த பச்சைப் பட்டாணியை முதலில் ஒரு பிடி மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். தண்ணீர் பளீர்ப் பச்சையாக மாறினால் சாயம் போட்ட சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், செய்து பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.