விடியப்புறம் 3 மணிக்கு முழிப்பு வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (விசுவமடு):
வீட்டில் நானும் அம்மாவும்தான். சிறுபோக நெல் வெட்டி முடிந்ததிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை, 3 மணிக்கு முழிப்பு வந்தால் கடன், கடைசியில் 2009இல் காணாமல் போன தம்பி என்று ஒவ்வொன்றாக வந்து விடியும்வரை விடாது. பகலில் சமைக்கவும் மனமில்லை. கிளினிக்குக்குப் போகிற அளவுக்கு இது பெரிய விசயமா தெரியவில்லை. வீட்டோடு செய்யக்கூடியது ஏதும் இருந்தால், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். யோசிக்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள், அது என்னால் முடியவில்லை.

பதில் 1 (மாங்குளம்):
தங்கச்சி, முதலில் தேத்தண்ணியைப் பாருங்கள். நான் நாளுக்கு 6, 7 பிளேன்ரீ குடிப்பேன், கடைசி இரவு 8 மணிக்கு. அதிலுள்ள கஃபேன் உடம்பில் பாதியாகக் குறையவே 5 மணித்தியாலம் அளவில் பிடிக்கும். மத்தியானத்துக்குப் பிறகு குடிப்பதை விட்டேன், முதல் சில நாள் தலையிடி, அப்புறம் சரி. மற்றது, எப்போது நித்திரை கொண்டாலும் ஒரே நேரத்தில் எழும்பி வெளியே வாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் மணிக்கூடு நேருக்கு வரும். நான் கத்தரிக்குத் தண்ணி ஊற்றுவேன், ஏலாத நாளில் ஒரு பாத்திக்கு மட்டும். மனம் வரட்டும் என்று இருந்த நாட்களில் எனக்கு அது வரவேயில்லை, வாளியைத் தூக்கிய பிறகுதான் கொஞ்சம் வந்தது.

பதில் 2 (ஒட்டுசுட்டான்):
அக்கா, முழித்தவுடன் போனில் நேரம் பார்க்காதீர்கள். நித்திரை திரும்ப வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் விறாந்தையில் வந்து இருங்கள் (முற்றத்துக்கு இறங்க வேண்டாம், பாம்பு திரியும்). 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி மெதுவாக விடுங்கள். விடுகிற மூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்புத் தணியும், எனக்குப் பத்துப் பன்னிரண்டு மூச்சில் படபடப்பு இறங்கிவிடும்.

பதில் 3 (கிளிநொச்சி):
தம்பி விசயம் எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் அண்ணாவும் அப்படித்தான். இங்கே கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் போனவர்களின் அம்மாமார் போராட்டம் தொடங்கியபோது என் அம்மாவும் போனா. பதில் கிடைக்கவில்லை, ஆனால் அங்கே இருந்து அண்ணாவின் பேரைச் சொல்லிக் கதைத்துவிட்டு வந்த நாட்களில் அம்மா இரவு சாப்பிட்டா. உடலைக் காணாத துக்கம் ஆறுவதற்கு வழி தெரியாத துக்கம், அதைத் தனியச் சுமக்காதீர்கள்.
கிளினிக்குக்குக் கட்டாயம் போங்கள். நித்திரையும் மனமும் 2 கிழமைக்கு மேல் இப்படி இருந்தால் அதுவே போதுமான காரணம், அரச ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே போக வேண்டும், இரவென்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் இருக்கிறது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அப்படி நினைப்பு இல்லை அண்ணை. கிளினிக் எந்த நாளில் என்று நாளைக்கு விசாரிக்கிறேன். பின்னேரத் தேத்தண்ணியை இன்றைக்கே விட்டாச்சு. அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தும் தம்பியைப் பற்றி வாய் திறந்து எத்தனையோ வருடம், இன்றிரவு விளக்கு வைத்த பிறகு நானே கதையைத் தொடங்கப் போகிறேன்.