மூணு வருஷத்தில அம்மன்ட சக்தி வத்திப் போகுது: எதுக்குச் செலவழிக்கிறது?

வாவிக்கரை:
மேசையில ஆடுற ரோல்பிளே கேம் ஒண்டு நடத்துறன். கற்பனை ஊர், வாவியும் வயலும் உள்ளது, 300 குடி. தெய்வம் துறையம்மை. அவவ நடத்துறதும் நான்தான். விதி இதுதான்: ஒவ்வொரு குடிக்கும் பக்தி 0 முதல் 4 வரை. வருஷச் சடங்கில தன் பக்தி அளவுக்குச் சக்தி தரும். எல்லாரும் 1இல தொடங்கினாங்க. கேட்டது கிடைச்சா பக்தி 1 கூடும், கிடைக்காட்டி 1 குறையும். பட்டினி கிடக்கிற குடி ஒண்டும் தராது. மிஞ்சின சக்தி அடுத்த வருஷத்துக்குப் போகும்.

விலை: வட்டை (வயல்வெளி) முழுக்க மழை 120 (பங்கு பிரிச்சும் பெய்விக்கலாம்), ஒரு ஆளைக் குணமாக்க 10, வெள்ளத்தத் தடுக்க 200, தேவாதியில (அம்மன் இறங்கி ஆடுற ஆள்) ஒரு இரவு உரு ஏற 5, தேவாதி வாயால வாக்குச் சொல்ல 1.

முதல் வருஷம் 300 வந்தது. கார்த்திகையில மழை, மறுகா 18 பேருக்குக் குணம், எல்லாம் முடிஞ்சிது. ரெண்டாம் வருஷம் 318. திரும்பவும் மழை, 19 பேருக்குக் குணம். ஆனா 90 குடி கேட்டு நிண்டது, 71 குடி வெறுங்கையோட போச்சு. மூணாம் வருஷம் கையிருப்போட 274. வெள்ளத்துக்கு 200 போக 7 பேரத்தான் குணமாக்க ஏலும், கேட்டது 120 குடி. இப்ப நாலாம் வருஷம், வரவு 200. எங்க பிழை?

துருசடி:
மூணு இடத்தில பிழை, தம்பி. முதலாவது குணமாக்கிற கணக்கு. 10 சக்தி குடுத்து ஒரு குடிக்கு 1 பக்தி கூட்டுறீங்க. போட்ட சக்தி திரும்ப வர 10 வருஷம் எடுக்கும். அதுக்குள்ள அதைக் கண்ட அஞ்சு குடி வந்து கேக்கும், அதில நாலுக்கு இல்லையெண்டுதான் சொல்ல வேணும். உதவி செய்யச் செய்யக் கடன் ஏறுது.

ரெண்டாவது, கார்த்திகை மழை. வடகீழ்ப் பருவமழை தானா வாற நேரம் அது. பெரும்போகத்துக்கு (மாரி நெல்லுக்கு) அந்த மாதத்தில அம்மன் பெய்விச்சா என்ன, விட்டா என்ன? 240 சக்தி வாவிக்குள்ள கரைஞ்சிட்டு. மூணாவது, வெள்ளம். வராத வெள்ளத்த ஒருத்தரும் காணல. கேக்காததக் குடுத்தா உங்கட விதிப்படி பக்தி கூடாது.

ஒரு வழி இருக்கு. சடங்கில 300 குடியும் சேந்து ஒரே ஒரு வேண்டுதல் வைக்கட்டும். அது நிறைவேறினா எல்லாக் குடிக்கும் 1 கூடும். அரை மழைக்குரிய 60 சக்தியில 300 பக்தி!

நீலாவணை:
அந்த வேண்டுதல் சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) தண்ணியா இருக்கட்டும். ஆனா தண்ணி எப்ப, எங்க எண்டதில கவனம் வேணும். சித்திரை நடுவில விதைக்கிற மூன்றரை மாத நெல் 105 நாள் பயிர். அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாளுக்கு முந்திப் பூக்கும், அதாவது 75ஆம் நாளை ஒட்டி, ஆனிக் கடைசியில. அந்தப் பத்து நாள் தண்ணி இல்லாட்டிக் கதிர் பதராப் போகும். அதுக்கு முந்தி ஒரு கிழமை காய்ஞ்சாலும் பயிர் ஓரளவு தேறிரும்.

இதைக் கேட்டதும் ஆனியில வட்டைக்கு மேல மழை பெய்விக்கப் போறீங்க. வேணாம். நெற்பூ விரியிறது காலை 9 மணிக்குப் பிறகு, மத்தியானத்துக்குள்ள. அந்த நேரம் கனமழை விழுந்தா மகரந்தம் கழுவுண்டு போகும், மழையாலேயே பதர் வரும். மழைய வயலில விடாம, குளத்துக்குத் தண்ணி வாற மேற்குக் காட்டில விடுங்க. மட்டக்களப்பு உன்னிச்சைக் குளம் போல எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. குளத்தில நிண்டா, தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானை துருசு எண்ட மதகத் திறந்து வேண்டிய நாளில வேண்டிய அளவு பங்கிடுவார். முழு மழை தேவையில்ல. கால் பங்கு 30, வைகாசியில ஒண்டு, ஆனித் தொடக்கத்தில ஒண்டு, மொத்தம் 60.

இன்னுமொண்டு: வாக்கில "விளைச்சல் தருவன்" எண்டு அம்மன் சொல்லக்கூடாது. "குளத்தில தண்ணி நிக்கும்" எண்டு மட்டும் சொல்லட்டும். தண்ணி நிண்டாலும் கபிலத்தத்திப் பூச்சி விழுந்தா வயல் எரிஞ்சமாதிரிக் கருகிரும், பழி அம்மனுக்கு. தன் கையில உள்ளத மட்டும் வாக்காக் குடுக்கிற தெய்வந்தான் நிலைக்கும்.

வாவிக்கரை:
அக்கா, தண்ணி விளங்கிட்டு. ஆனா நோயாளிகள என்ன செய்யிற? வெள்ளத்துக்குப் பிறகு வயித்தோட்டம் எண்டுதான் கூடுதலான குடி வாறது. பிள்ளைகள்.

கும்பத்தடி:
அதுக்குத்தான் வாக்கு இருக்கு, 1 சக்தி. வயித்தோட்டத்தில பிள்ளையக் கொல்லுறது உடம்பில நீரும் உப்பும் வத்துறது. அம்மன் தேவாதி வாயால ஒருக்காச் சொன்னாப் போதும்: கொதிக்கவச்சு ஆறின தண்ணி ஒரு லீட்டர், மட்டமா வழிச்ச தேக்கரண்டியால சீனி 6, உப்பு அரைத் தேக்கரண்டி. கலக்கி, பிள்ளைக்கு ஒவ்வொரு கரண்டியாக் குடுக்க வேணும், வாந்தி எடுத்தாப் பத்து நிமிஷம் பொறுத்துத் திரும்ப. தாய்ப்பாலை நிப்பாட்டக்கூடாது. உப்பு அளவு தவறக்கூடாது, கூடினா ஆபத்து. நாக்கில வச்சுப் பாக்கக் கண்ணீரை விட உப்பாயிருந்தா ஊத்திப்போட்டுப் புதிசாக் கலக்க வேணும். உங்கட ஊரில சீனி இல்லையெண்டா உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி.

இத 300 வீட்டுக்கும் தெரிய விடுங்க. கட்டாடியார் (பூசாரி) மட்டும் வச்சிருக்கிற ரகசியமா ஆக்காதீங்க. ரகசியமாக்கினாக் கோயில் வாசலில வரிசை குறையாது, தூரத்து வீட்டுப் பிள்ளை வழியிலேயே செத்திரும். குணமாக்கிற 10 சக்திய பாம்புக்கடி, பிரசவத்தில சிக்கல், இப்பிடி அறிவால தீராததுக்கு வைங்க. வருஷத்துக்கு 3 பேர்.

கேக்கிற காலத்தையும் கட்டுங்க. மட்டக்களப்புக் கண்ணகை அம்மன் கோயில்கள் பலது வழமையா வைகாசிச் சடங்குக்கு ஒருக்காத்தான் கதவு திறக்கும், குளிர்த்தியோட (அம்மனைக் குளிரவைக்கிற கடைசிச் சடங்கு) சாத்தும். அந்த ஒழுங்கு உங்கட கணக்குக்கு நல்லாப் பொருந்தும். வருஷம் முழுக்கக் கதவு திறந்திருந்தா வருஷம் முழுக்கக் கேள்வி.

துருசடி:
சடங்கு நாளக் கூட்டாதீங்க எண்டதையும் சேக்கிறன். 2001இல வந்த பிளாக் அண்ட் வைட் கேமில இதுதான் பலருக்குப் பிழைக்கும்: சக்தி வேணுமெண்டு ஊராட்களக் கும்பிட அனுப்பினா வயலில ஆள் குறையும், கும்பிடுறவங்களுக்கும் சோறு வேணும். உங்கட விதியில பட்டினிக் குடி 0. விதைப்பு வேலைய மறிக்கிற சடங்கு தன்னையே தின்னும். 1989இல வந்த பொப்புலஸில தெய்வம் நிலத்தைத்தான் மட்டமாக்கும். நிலம் விரிய வீடு பெருகும், ஆள் பெருகும், சக்தி தானா வரும். ஆளுக்குக் குடுக்கிறத விட நிலத்துக்குக் குடுக்கிறது மேல்.

வாவிக்கரை:
அப்ப நாலாம் வருஷம்: வாக்கு 3, உரு 3 இரவுக்கு 15, மழை 60, குணம் 3 பேருக்கு 30. மொத்தம் 108, கையில 92. ஒரு 40 குடி கோவிச்சாலும் அடுத்த வரவு 460 தாண்டும். சரிதானே?

நீலாவணை:
சரி. ஆனா 460 வந்ததெண்டு கை நீட்டவேணாம். ஊர் முழுக்க வச்ச வேண்டுதல் ஒருக்காத் தவறினா ஒரே நாளில 300 பக்தி விழும். ஒரு முழு மழையும் சடங்குச் செலவும் எப்பவும் இருப்பில கிடக்கட்டும், 150க்குக் கீழ இறங்காதீங்க. பக்தி 4ஐத் தொட்ட குடி அதுக்கு மேல கூடாது, ஆனா குறையும். அந்த வருஷங்களில புதுசா ஒண்டும் வாக்குக் குடுக்காதீங்க.

வாவிக்கரை:
வெள்ளம் மட்டும் மிச்சம். 200 இல்லாமச் சமாளிக்கலாமா?

கும்பத்தடி:
அதுவும் வாக்குத்தான். வாவி கடலோட சேருற இடத்தில மணல்திட்டு அடைச்சு நிக்கும். அம்மன் நாள் சொல்ல, ஊர் மண்வெட்டியோட போய் முகத்துவாரத்த வெட்டட்டும். வெள்ளம் வடியிறத எல்லாரும் கண்ணால காணுவாங்க. முந்தி வெட்டினாக் கடல்தண்ணி ஏறி வாவியோர வயலில உப்புப் படியும். பிந்தினா வயல் தாழும். அதால நாளை மனசுக்குத் தோணினபடி சொல்லவேணாம். துறையில வரை போட்ட கம்பு ஒண்டு நடுவியுங்க. தண்ணி ரெண்டாம் வரையத் தொட்டு, மேற்கில மழை விடாம இருந்தா அண்டைக்கு, வத்து (கடல் இறங்கிறது) தொடங்கிற நேரம் பாத்து வெட்ட வேணும். அகலமா வெட்டத் தேவையில்ல. ஒரு ஆள் இறங்கி நிக்கிற வாய்க்கால் போதும், வாவித் தண்ணி இழுத்துக்கொண்டு போகப் போக மணலத் தானே அரிச்சு அகலமாக்கும்.